ஊருணிக் கரையில் நீரும் நிழலும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். நம் ஊரின் கிழக்கேயுள்ள ஊருணியைத் தூர்வாரி, அதன் மேற்குக் கரையில் நாட்டு மரங்களை வளர்த்தெடுக்கும் பணிக்காக, உள்ளூரில் இருப்போரிடமும், பிழைப்பின் பொருட்டுச் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் என்று பிரிந்து சென்றுள்ள உறவுகளிடமும் ஊருணிச் சீரமைப்புக் குழு இந்த வேண்டுகோளை வைக்கிறது. ஊருணி நிறைந்தால் மனிதருக்கும் ஆடு மாடுகளுக்கும் ஆகும் நன்மையை இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இம்முறை பறவைகளின் பெயரால் கேட்கிறோம் என்பதால், அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

சென்ற சித்திரையில், ஊருணியின் வடகரையை ஒட்டிய பொட்டலில் ஓர் ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூடு என்று சொல்லும்படி அங்கே எதுவுமில்லை. சரளைக்கு நடுவே ஒரு சிறு குழி, அவ்வளவுதான். காலை வேளையில் முட்டைகளின்மேல் அமர்ந்திருந்த பறவை, பதினோரு மணிக்குமேல் எழுந்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி, சிறகுகளைச் சற்றே தளர்த்தி, தன் நிழல் முட்டைகளின்மேல் விழும்படி நின்றது. அலகு திறந்தபடியே இருந்தது. தொண்டை விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. இணைப்பறவை வந்து இடம் மாற்றிக்கொண்டதும், விடுபட்ட பறவை மேல்நிலைத் தொட்டியின் குழாயடிக்குப் பறந்துபோய், அங்கே கசிந்து தேங்கிய நீரில் வயிற்று இறகுகளை அமிழ்த்தி, அந்த ஈரத்தோடு திரும்பி வந்து முட்டைகளைக் குளிர்வித்தது. வைகாசி முதல் வாரத்தில் அந்தக் குழாய்க் கசிவு அடைக்கப்பட்டது. தண்ணீர் வீணாகக் கூடாது என்று இன்று இக்குழுவில் இருப்பவர்களே முன்னின்று செய்த வேலை அது. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தபோது பறவைகள் இல்லை. முட்டைகள் நான்கும் உடையாமல், கையில் எடுக்க முடியாத சூட்டோடு அப்படியே கிடந்தன. நாயோ கீரியோ வந்திருந்தால் முட்டை மிஞ்சியிருக்காது. கசிவை அடைத்ததில் பிழையில்லை. முன்னொரு காலத்தில் ஆனி வரை நீர் நின்ற ஊருணி பக்கத்திலேயே இருக்க, ஒரு பறவை குழாய்க் கசிவை நம்பி முட்டையிட நேர்ந்ததில்தான் பிழை இருக்கிறது.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அவற்றின் உடல் வெப்பம் இயல்பாகவே 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். அதற்குமேல் மூன்று நான்கு டிகிரி ஏறினாலே உயிருக்கு ஆபத்து. சுற்றியுள்ள காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தைத் தொட்டுவிட்டால், உடலிலுள்ள நீரை ஆவியாக்கி வெளியேற்றுவதைத் தவிர உடலைக் குளிர்விக்க வேறு வழியில்லை. அந்த வழியையும் எல்லாப் பறவைகளும் ஒரே விதமாகக் கையாள்வதில்லை. புறாக்கள் தோல் வழியாகவே நீரை ஆவியாக்கிக்கொள்ளக்கூடியவை. அதற்குப் பெரிதாக உழைப்புத் தேவையில்லை. பகல் முழுவதும் தரையில் கிடக்கும் பக்கி என்னும் இராப்பறவை, வாயைத் திறந்து தொண்டைச் சவ்வை மட்டும் வேகமாகத் துடிக்கவைக்கும். அதற்கும் செலவு குறைவு. சங்குவளை நாரை முதலிய நாரையினங்கள் தம் கால்களின்மீதே நீர்த்த எச்சத்தை இட்டு, அது காயும்போது உண்டாகும் குளிர்ச்சியைப் பெறுகின்றன. நம் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்களான சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் போனவர்கள் அவற்றின் கால்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருப்பதைப் பார்த்திருக்கலாம். ஆனால் கரிச்சான், தவிட்டுக்குருவி, தேன்சிட்டு போன்றவை மூச்சிரைத்தே குளிர்ந்தாக வேண்டும். மூச்சிரைப்பது தசைகளின் உழைப்பு. அந்த உழைப்பே மேலும் சூட்டை உண்டாக்குகிறது. உடல் சிறிதாக இருக்க இருக்க, நீர் வற்றும் வேகமும் கூடுகிறது.

ஆகவே வெயில் ஏறியதும் இப்பறவைகள் செய்யும் முதல் வேலை, நிழலில் ஒடுங்கி அசையாமல் இருப்பதுதான். இது அறிவான செயல். ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. நிழலில் ஒடுங்கியிருக்கும் நேரமெல்லாம் இரை தேடாத நேரம். தென்னாப்பிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்தில் மஞ்சள் அலகு இருவாச்சிகளை ஆய்வாளர்கள் 2008 முதல் 2019 வரை தொடர்ந்து கவனித்தார்கள். பெண் பறவை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் பறவை வெளியிலிருந்து ஊட்டும் இனம் அது. வெயில் மிகுந்த நாள்களில் ஆண் மூச்சிரைத்துக்கொண்டே இரை தேடியது. கிடைத்த இரை குறைந்தது. உள்ளே இருந்தவை மெலிந்தன. அந்தப் பத்தாண்டுக் காலத்தின் தொடக்கத்தில், முட்டையிட்ட கூடுகளில் 58 விழுக்காடு குஞ்சு பறக்கும் நிலையை எட்டின. முடிவில் அது 17 விழுக்காடாகச் சரிந்தது. கூடுகட்டும் காலத்தின் சராசரி உச்ச வெப்பம் 35.7 டிகிரியைத் தாண்டிய எந்த முயற்சியும் குஞ்சு பறக்கும் வரை போகவில்லை. இது வளர்ந்த பறவைகள் சுருண்டு விழுந்ததால் வந்த சரிவு அல்ல என்பதையும், அடுத்த தலைமுறைதான் இல்லாமற்போனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 35.7 டிகிரி என்பது நம் பகுதியில் பங்குனி மாதத்துச் சாதாரணப் பகல்.

அமெரிக்காவின் மொகாவே பாலைவனத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன் பறவைகள் கணக்கெடுக்கப்பட்ட அதே இடங்களில் 2013 முதல் 2016 வரை மீண்டும் கணக்கெடுத்தபோது, ஓரிடத்துக்குச் சராசரியாக 43 விழுக்காடு இனங்கள் குறைந்திருந்தன. இத்தனைக்கும் அவை பாலைவனத்திலேயே பழகிய பறவைகள். நம் ஆள்காட்டியும் கவுதாரியும் எந்த வெயிலையும் தாங்கிக்கொள்ளும் என்று சொல்வோர் இதையும் எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மொட்டை மாடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் வழக்கம் நம் ஊரிலும் பரவியுள்ளது. நல்ல வழக்கம்தான். நெகிழிக் கிண்ணத்துக்குப் பதிலாக மண்சட்டியை நிழலில் வைத்து, நாள்தோறும் கழுவி நீர் மாற்றினால் இன்னும் நல்லது. ஆனால் அந்தச் சட்டிக்கு வருபவை பெரும்பாலும் புறா, காகம், மைனா ஆகியவையே. பஞ்சுருட்டானும் கரிச்சானும் தமக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதியைத் தாம் பிடிக்கும் பூச்சியிலிருந்தே பெறுகின்றன. அவற்றுக்கு வேண்டியவை பூச்சி இருக்கும் ஈரநிலமும், உட்கார்ந்தபடியே இரை பார்க்கக்கூடிய நிழல் கிளையும். நீர் ஓரிடத்திலும் நிழல் வேறிடத்திலும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே வெயிலில் பறப்பதிலேயே குடித்த நீர் செலவாகிவிடும். நீர், நிழல், இரை மூன்றும் ஒரே கரையில் அமைய வேண்டும் என்பதே இத்திட்டத்தின் அடிப்படை.

எனவே இது வழக்கமான தூர்வாரும் வேலையாக இராது. பொக்லைன் வைத்து நான்கு பக்கமும் சுவர்போல் செங்குத்தாக வெட்டிய குளத்தில் சிறு பறவை இறங்கி நீர் குடிக்க முடியாது. ஆடும் இறங்க முடியாது. நம் ஊருணியின் வடக்கு, மேற்கு ஓரங்களை மிகச் சாய்வாக விட்டு, நடுவில் மட்டும் ஆழமான குழி எடுக்கப்படும். நீர் வற்ற வற்ற ஓரம் உள்நோக்கி நகர்ந்தாலும், குருவியின் கால் எட்டும் ஆழத்தில் எந்நாளும் ஒரு விளிம்பு இருக்கும். மரங்களை மேற்குக் கரையில் நடுவதற்கும் காரணம் உண்டு: பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரையிலான கடும் வெயிலில் அவற்றின் நிழல் கிழக்கு நோக்கி நீண்டு நீரின் ஓரத்திலேயே விழும். வேம்பு, புங்கை, நாவல், மருது, பூவரசு ஆகியவற்றோடு, ஆள்காட்டிக்கென்று வடகரைப் பொட்டலில் ஒரு பகுதியை மரமே நடாமல் வெறுமனே விடவும் முடிவு செய்துள்ளோம்.

சீமைக்கருவேலத்தை வேரோடு ஒரே நாளில் அகற்ற வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அகற்றத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரே நிழல் அதுதான். தவிட்டுக்குருவிக் கூட்டம் நண்பகலில் ஒண்டுவதும் அதன் அடியில்தான். நாட்டு மரக்கன்றுகள் ஆள் உயரத்தைத் தாண்டும் வரை, ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை அடைத்துக் கிடப்பவற்றை மட்டும் இப்போது எடுத்துவிட்டு, மற்றவற்றை ஆண்டுக்கு ஒரு பகுதியாக நீக்குவதே சரி என்பது குழுவின் முடிவு.

செலவு விவரம் வருமாறு. பொக்லைன் வாடகை மணிக்கு 1,300 ரூபாய் வீதம் 120 மணி நேரத்துக்கு 1,56,000 ரூபாய் ஆகும். அள்ளும் கரம்பை மண்ணை வயலுக்கு எடுத்துக்கொள்ளும் விவசாயிகள் தங்கள் டிராக்டரையே கொண்டுவர இசைந்துள்ளதால் மண் ஏற்றும் செலவு இல்லை. வரத்துக்காலைச் செப்பனிடவும் மடையைக் கட்டவும் 95,000 ரூபாயும், கோடையில் ஊருணி வற்றிய பின் பயன்படும்படி மரநிழலில் தாழ்வான மூன்று தொட்டிகள் கட்ட 45,000 ரூபாயும் வேண்டும். மிகுதியான செலவு கன்றுகளுக்குத்தான். நடுவது ஒரு நாள் வேலை. மூன்று கோடைக்கு நீரூற்றி, ஆடு கடிக்காமல் காப்பதுதான் மரம் வளர்ப்பது. பனைமட்டையும் உடைமுள்ளும் கொண்டு வேலி கட்டி, மூன்றாண்டுப் பராமரிப்பையும் சேர்த்து ஒரு கன்றுக்கு 900 ரூபாய் வீதம் 240 கன்றுகளுக்கு 2,16,000 ரூபாய் தேவை. ஆக மொத்தம் 5,12,000 ரூபாய். இதுவரை உள்ளூரில் திரண்டது 1,37,500 ரூபாய். இன்னும் வேண்டியது 3,74,500 ரூபாய்.

குடிநீருக்கே அலையும் ஊரில் குருவிக்கு இவ்வளவு செலவா என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதன்படி வெயிலால் உயிரிழக்கும் மனிதரின் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. இந்த ஊருணியோ மனிதரை விட்டுவிட்டுப் பறவைக்கு மட்டும் நிறையப் போவதில்லை. சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று ஏறும். நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்கள் உட்கார அந்த மேற்குக் கரையில் நிழல் இருக்கும். கேட்ட பெரியவரே பின்னர் ஐந்து கன்றுகளுக்கான பணத்தைக் கொடுத்தார் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

ஊராட்சித் தீர்மானமும் வண்டல் எடுப்பதற்கான அனுமதியும் பெறப்பட்டுள்ளன. நன்கொடையைக் குழுவின் வங்கிக் கணக்கிலோ, ஊர்ச் சாவடியில் பொருளாளரிடம் நேரிலோ செலுத்தி, எண்ணிட்ட ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு மாத முதல் ஞாயிறன்றும் சாவடிப் பலகையில் ஒட்டப்படும். வருமான வரிச் சலுகைக்குரிய பதிவு இக்குழுவுக்கு இல்லை என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறோம். பணம் இயலாதவர்கள், கோடையில் வாரம் ஒரு நாள் பத்துக் கன்றுகளுக்கு நீரூற்றும் முறைப்பட்டியலில் பெயர் கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் பதினேழு பேர் ஏற்கெனவே கொடுத்துள்ளனர்.

ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் ஊருணிக்குள் வண்டி இறங்காது. இந்த ஆண்டு தவறினால் இன்னொரு கோடை போய்விடும். பொக்லைன் புரட்டாசி முதல் திங்கள்கிழமைக்குப் பேசப்பட்டுள்ளது. அதற்கு முன்பாக நன்கொடைகளை அனுப்பி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஊருணிச் சீரமைப்புக் குழுவினர்