டீக்கடை அண்ணனுக்கும் எங்களோடு நின்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

பட்டறையில் தகடு அடிக்கிற பவர் பிரஸ் மெஷினில் என் வீட்டுக்காரருடைய மூன்று விரல் போனதற்காக நாங்கள் போட்ட இழப்பீட்டு வழக்கில், பட்டறைக்காரர்கள் பணம் கட்டிவிட்டார்கள். நேற்று சாயங்காலம் வக்கீலம்மா போனில் சொன்னபோது நம்ப முடியாமல் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். உத்தரவில் சொன்ன முதலும் வட்டியும் இழப்பீட்டு ஆணையர் அலுவலகத்தில் டெபாசிட் ஆகிவிட்டதாம். அவர்கள் உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போவதாக இருந்தாலும் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் இனி யாரும் எங்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் செய்கிற முதல் வேலை இந்த மடலை எழுதுவதுதான்.

என் வீட்டுக்காரருக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த நாளை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை, அவருக்கும் அதைப் படிக்கத் தெம்பு இருக்காது. அதற்குப் பிறகு யார் யார் எங்கள் பக்கத்தில் நின்றார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் டீக்கடை அண்ணன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். கோவையில் கணபதிப் பக்கம் இருக்கிற பட்டறைகளுக்குக் காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் கேனில் டீ கொண்டுபோய்க் கொடுக்கிறவர். விபத்துக்கு முன்னால் அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

எங்கள் வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில்தான் நின்றது. இவர் அந்தப் பட்டறையில் வேலை செய்தாரா, இல்லையா? மூன்று விரல் போனதை யாரும் மறுக்கவில்லை. அந்த பவர் பிரஸ்ஸில்தான் போனது என்பதைக்கூடக் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பதிலுரையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "மனுதாரர் எங்கள் தொழிலாளி அல்ல. நண்பரைப் பார்க்க வந்த இடத்தில் கேட்காமல் மெஷினில் கை வைத்துவிட்டார்." வருஷக்கணக்கில் அந்த இடத்தில் உட்கார்ந்து மோட்டார் ஸ்டாம்பிங், அதாவது மோட்டாருக்கான தகடு, அடித்தவரைப் பற்றித்தான் இப்படி எழுதினார்கள். அதை வாசித்த அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. விரல் போனபோதுகூட அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. வருகைப் பதிவேடு கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது, அடையாள அட்டையும் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் கையில் எண்ணிக் கொடுக்கிற காசுதான் சம்பளம். கூட வேலை பார்த்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் அவர்கள் அங்கேதான் கை நீட்ட வேண்டும். அவர்கள்மேல் எனக்கு அப்போதும் கோபம் இல்லை, இப்போதும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் கடைக்குப் போனேன். சாட்சி தேடிப் போகவில்லை. வீட்டுக்காரர் பேரில் அங்கே கொஞ்சம் பாக்கி இருக்கிறது, கொடுத்துவிட்டு வா என்று அவர்தான் அனுப்பினார். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அந்தப் பாக்கி அவர் மனதில் இருந்திருக்கிறது. அண்ணன் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பலகைக்கு அடியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். எந்தப் பட்டறைக்கு எத்தனை டீ, எத்தனை பால் என்று தேதிவாரியாக எழுதிய பற்று நோட்டு. புரட்டிக்கொண்டே போனவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"அம்மிணி, இதுல உங்க வீட்டுக்காரர் பேரு இருக்குதுங்களே. இது கோர்ட்டுக்கு ஆகுமான்னு உங்க வக்கீலைக் கேட்டுப் பாருங்க."

விஷயம் இதுதான். அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் டீ. இவர் ஒருவருக்கு மட்டும் வரக்காப்பி. விலை வேறு என்பதால் அண்ணன் அதைத் தனியாக எழுதி, பக்கத்தில் இவர் பெயரையும் எழுதி வைப்பார். வேலைக்குப் போன நாளெல்லாம் அந்த வரி இருக்கிறது. லீவு போட்ட நாளில் இல்லை. எங்கள் பெண்ணுக்குக் காது குத்திய அன்றைக்கு இல்லை. இதற்கெல்லாம் மேலே, ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கு முடித்துக் காசு கொடுத்ததும் பட்டறைச் சூப்பர்வைசர் அந்தப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நண்பரைப் பார்க்க வந்தவருக்கு யாராவது வாராவாரம் வரக்காப்பிக்குக் காசு கொடுப்பார்களா?

பாக்கியை அண்ணன் வாங்கிக்கொள்ளவில்லை. நோட்டை ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தார். அதில் வேறு எத்தனையோ பேருடைய கணக்கும் இருந்தது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன் என்றேன். "அசல்தான் வேணும்னு கேப்பாங்க, வெச்சுக்கங்க. நான் புது நோட்டுப் போட்டுக்கறேன்" என்றார்.

வக்கீலம்மா அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னார்: "போதும்." ஆனால் அந்த நோட்டு எடுபட வேண்டுமென்றால் அதை எழுதியவரும் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பட்டறை அண்ணனுடைய வாடிக்கை. பக்கத்துப் பட்டறைகளும் அந்த முதலாளிக்கு வேண்டியவர்கள். கேட்டால் கட்டாயப்படுத்தியது போல ஆகிவிடுமோ என்று தயங்கினேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அண்ணன் விசாரணைத் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு எங்களுக்கு முன்னாலேயே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். குறுக்கு விசாரணையில், "நீங்கள் வெளியே டீ விற்கிறவர். உள்ளே யார் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். "தினமும் ரெண்டு வேளை உள்ளே போய் நான்தானுங்க கொடுப்பேன். அவரு பிரஸ்ஸை நிறுத்திட்டு எந்திரிச்சு வந்து வாங்குவாரு. கையெல்லாம் ஆயிலா இருக்கும், அதனால டம்ளரைத் துணியில பிடிப்பாரு" என்றார். அதற்கு மேல் அவரிடம் அவர்கள் அதிகம் கேட்கவில்லை. உத்தரவில் அந்த நோட்டைப் பற்றியும் அவருடைய சாட்சியத்தைப் பற்றியும் தனியாக ஒரு பத்தி எழுதியிருக்கிறார் ஆணையர். அதை வக்கீலம்மா வாசித்துக் காட்டியபோது வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அழுதார் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சாட்சியத்துக்குப் பிறகு அந்தப் பட்டறை அண்ணனிடம் டீ வாங்குவதை நிறுத்திவிட்டது. பக்கத்தில் இன்னும் சிலரும் நிறுத்திவிட்டார்கள். இதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. அவர் வீட்டு அக்காவைச் சந்தையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அக்காவும் குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அண்ணா, உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று நானும் அவரும் பலமுறை பேசிவிட்டோம். பதில் கிடைக்கவில்லை. உங்கள் பெயரைப் போடாமல் நாலு பேருக்குச் சொல்லவாவது செய்கிறேன்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் அன்றைக்கு டூட்டியில் இருந்த சிஸ்டர், உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. கூட வந்தவர்கள் "வீட்டுக் கிரைண்டரில் கை சிக்கிவிட்டது" என்று எழுதச் சொன்னார்கள். நீங்கள் அவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவர் வாயாலேயே கேட்டு டாக்டரிடம் சொன்னீர்கள். விபத்துப் பதிவேட்டில் "பட்டறையில் பிரஸ் மெஷின்" என்று பதிவானது அதனால்தான். அந்தப் பதிவேட்டின் நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள், அது இல்லாவிட்டால் வழக்கின் முதல் படியே ஏறியிருக்க மாட்டோம். பட்டறைத் தரப்பிலிருந்து 40,000 ரூபாயும் முத்திரைத்தாளும் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, "எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், இழப்பீட்டை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் சட்டப்படி செல்லாது" என்று வாசலில் நின்று சொன்ன சங்கத் தோழருக்கு நன்றி. பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து சோறு போட்ட கீழ்வீட்டு அக்காவுக்கு, வாடகையைப் பொறுத்துக்கொண்ட வீட்டுக்காரம்மாவுக்கு, கைமாற்று கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத மகளிர் குழுவுக்கு, மொழிபெயர்த்தும் மனு எழுதியும் கொடுத்த தம்பிகளுக்கு நன்றி.

வக்கீலம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாகக் கிடைத்தவர் அவர். எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. இலவச சட்ட உதவி என்றால் பரம ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தில் 12-ஆவது பிரிவு, தொழில்துறைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் அந்த உதவி உண்டு என்று தனியாகவே சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழி சொல்வார்கள்.

அவரிடம் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. எட்டுப் பேர் வேலை செய்கிற பட்டறை அது. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு வேண்டுமென்றால் பத்துப் பேர் இருக்க வேண்டும். அப்போது இருந்த தொழிற்சாலைச் சட்டத்துக்கும் கரண்டில் ஓடுகிற இடமென்றால் பத்துப் பேர் வேண்டியிருந்தது. அதற்குக் கீழே இருக்கிற இடங்களில் பிரஸ்ஸில் கை சிக்காமல் இருக்கத் தடுப்பு மாட்டியிருக்கிறதா என்று பார்க்க யாரும் வருவதில்லை. கோவையில் இப்படி எத்தனை சந்து, எத்தனை ஷெட்! இங்கே கை போனால் ஒன்றும் கிடைக்காது என்றுதான் எங்கள் தெருவே நினைத்திருந்தது. 1923-ஆம் வருஷத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்தப் பத்துப் பேர் கணக்கையே பார்க்கவில்லை. வேலையால், வேலை நேரத்தில் நடந்த விபத்தா என்றுதான் பார்த்தது. இரண்டு வருஷத்துக்குள் ஆணையரிடம் மனுப் போட வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு கையில் மூன்று விரல் போனால் சம்பாதிக்கிற சக்தியில் 30 சதவீதம் இழப்பு என்று அட்டவணையிலேயே போட்டிருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கு உரிய எண்ணால் பெருக்கி, வருவதில் அந்த 30 சதவீதத்தை எடுக்க வேண்டும். 35 வயதுக்கு அந்த எண் 197.06. சம்பளம் அதிகமாக இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் எடுத்துக்கொண்டார்கள். அப்படி எங்களுக்கு வந்தது 5,32,062 ரூபாய், அதன்மேல் விபத்து நடந்த நாளிலிருந்து வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. இடது கையை இழந்த ஒரு தச்சருடைய வழக்கில், இழப்பீடு விபத்து நடந்த அன்றைக்கே கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் சொன்ன தீர்ப்பைக் காட்டித்தான் வக்கீலம்மா வட்டியை அந்த நாளிலிருந்து கேட்டு வாங்கினார். அந்தத் தச்சர் யாரோ, எந்த ஊரோ. அவர் விடாமல் வழக்கு நடத்தியது இத்தனை வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு உதவியிருக்கிறது. அவருக்கும் நன்றி.

அட்டவணையை வீட்டுக்காரர் தானே வாங்கிப் படித்தார். கட்டைவிரலுக்கு 30, நான்கு விரலுக்கு 50 என்று விரல் விரலாக எண் போட்டிருக்கிறது. படித்துவிட்டு, "வேலை தெரிஞ்ச கைன்னு இதுல எங்கேயும் இல்லையே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பணம் வந்த சந்தோஷத்திலும் அந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

ஒன்று மட்டும் கவனத்தில் வையுங்கள். 2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. எங்கள் விபத்து அதற்கு முன்னால் நடந்ததால் பழைய சட்டப்படியே விசாரித்தார்கள். இனி நடக்கிற விபத்துகளுக்கு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாட்சியும் காகிதமும் இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டை இன்னொரு வீடு படக்கூடாது. பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர்களுடைய வீட்டுப் பெண்களுக்கு இதைத்தான் சொல்வேன்: சம்பளத்தை முடிந்தால் ஜிபே மாதிரி கணக்கில் வருகிறபடி கேளுங்கள். மெஷின் பக்கத்தில் நிற்கிற போட்டோ ஒன்று போனில் இருக்கட்டும். எங்கே வேலை, யார் முதலாளி, கூட யார் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். எல்லோருக்கும் வரக்காப்பிக் கணக்கு வாய்க்காது.

பணம் கைக்கு வந்ததும் முதலில் குழுக் கடனை அடைக்கிறோம், அப்புறம் வாடகை பாக்கி. மீதி பெண்ணின் படிப்புக்கு. வீட்டுக்காரர் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடப் போகிறார், இடது கையில் கீபோர்டு பழகிவிட்டது.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கோவைப் பக்கம் யாருக்காவது வேலையில் அடிபட்டு, எங்கே போவது என்று தெரியாமல் இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி கேட்கவும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கவும், ஆணையர் அலுவலக வராந்தாவில் காத்துக் கிடக்கவும் நான் கூட வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் வர முடியும், பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். வக்கீலம்மாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். பீளமேட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறதாம், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.