சூளைக்கே போகட்டும் அலுவலகங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கன்னியாகுமரி மாவட்டப் பக்கத்தை முதலில் எடுத்துப் படிக்கிறவள் நான். அதில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் பெரும்பாலும் விபத்துச் செய்தியில் வருகிறார்கள், இல்லையென்றால் போலீஸ் செய்தியில் வருகிறார்கள். குழந்தை குட்டியோடு நம் ஊரிலேயே குடியிருக்கும் குடும்பங்களைப் பற்றி ஒரு வரி கண்ணில் பட்டதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

போன பங்குனியில், இப்போது வேலையில் இருக்கும் இளைய செவிலியர் ஒருவர், "அக்கா, ஒரு நாள் கூட வாங்க, எனக்கு ஒண்ணும் பிடிபடல" என்று கூப்பிட்டார். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு செங்கல் சூளை. தார்ப்பாய் போட்ட குடிசைகளில் ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்கள். ஒரு தாயிடம் பிள்ளைக்கு என்னென்ன ஊசி போட்டிருக்கிறது என்று கேட்டால், அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறாள். தடுப்பூசி அட்டை ஊரில் கிடக்கிறதோ, ரயிலில் தொலைந்ததோ, தெரியாது. ஈரத்துணி வாங்கி அந்த இரண்டு வயதுப் பிள்ளையின் இடது கையைத் துடைத்தேன். செம்மண் கரைந்து போன இடத்தில், காசநோய்க்கு எதிராகப் போடும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு, ஒரு பயறளவுக்கு. பிறந்ததும் யாரோ ஒரு செவிலியர் பார்த்துப் பார்த்துப் போட்ட ஊசி அது. அண்ணன்காரன் கையில் அதுவும் இல்லை. அட்டை இல்லாத பிள்ளைக்கு ஒன்றும் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்த வயதுக்கு உரியதைத் தொடங்க வேண்டும். தொடங்கினோம்.

அன்றைக்கு எங்களுக்குக் கை கொடுத்தது அரசாங்கம் அனுப்பிய மொழிபெயர்ப்பாளர் இல்லை. என் பக்கத்து வீட்டுக்காரர், சவூதியில் 18 வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். பிகார்காரர்களோடும் பாகிஸ்தான்காரர்களோடும் ஒரே அறையில் தங்கிச் சோறு பொங்கித் தின்று கற்ற இந்தி அது. அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியதும் அந்தப் பெண்கள் முகத்தில் வந்த தெளிச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர் இல்லாத தெரு எது? இந்தி தெரிந்த ஆள் இல்லை என்று எந்த அலுவலகமும் இங்கே சொல்ல முடியாது.

அந்தச் சூளையில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். அவள் அலைந்த கதையைக் கேட்டபோதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. கர்ப்பிணிகளுக்குத் தரும் 12 இலக்கப் பதிவு எண், நாங்கள் பிக்மி நம்பர் என்போம், அதை வாங்கப் போன இடத்தில் இங்கே குடியிருப்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். அதற்கு இன்னொரு அலுவலகம் போனார்கள். அங்கே சூளை முதலாளியிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். கடிதம் கொடுத்தால் தொழிலாளர் துறையிலிருந்து ஆள் வந்து கணக்குக் கேட்பார்களே என்று முதலாளி தயங்கினார். அங்கன்வாடியில் சத்துமாவு கேட்டால், அந்த எண்ணைக் கொண்டு வா என்றார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். யாரும் விரட்டவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் அடுத்த மேசையைக் காட்டினார்கள். சூளையில் நாள் கூலி கிடையாது, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால்தான் கல் எண்ணிக்கை தேறும். ஒருவர் ஒரு நாள் அலுவலகம் போனால் இரண்டு பேர் கூலியும் விழும். வரும்போது வாங்கிய முன்பணம் வேறு தலைக்கு மேல் நிற்கும். மூன்றாவது அலைச்சலோடு அவள் விட்டுவிட்டாள்.

அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்குப் போனால் மறுபடியும் இழுத்தடிப்பு. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆதார் வரைக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்கு இவ்வளவு தடை. வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்காமல் விடக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். சட்டம் சொல்கிறது, அதை அந்தத் தாயிடம் அவளுக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஆள் வேண்டும். ரேஷன் கதையும் இதேதான். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' 2020 அக்டோபர் முதல் நம் மாநிலத்தில் இருக்கிறது. ஊரில் கார்டு இருந்தால் இங்கே விரல் வைத்து அரிசி வாங்கலாம். அந்தச் சூளையில் நாங்கள் கேட்ட ஒருவருக்கும் இது தெரியாது. கடையில் காசு கொடுத்துத்தான் அரிசி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் சேர்த்துச் செய்ய நமக்குத் தெரியாதா? தெரியும். பழவிளை, ஞாறான்விளை, பெருமாள்புரம், கோழிவிளை முகாம்களில் செய்திருக்கிறோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்களை நம் மாவட்டமும் ஏற்றுக்கொண்டது. என் பணிக்காலத்தில் சில வருடங்கள் அப்படி ஒரு முகாம் என் பொறுப்பில் இருந்தது. வருவாய்த் துறை ஆய்வாளர் முகாமுக்கே வருவார். உதவிப்பணம் கொடுக்கிற நாளில் குடும்பம் குடும்பமாக எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். நான் தடுப்பூசிப் பெட்டியோடு அந்த நாளைத்தான் பிடித்துக்கொள்வேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியரும் அன்றைக்கே வந்து எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்பார். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை, இலங்கையிலிருந்து வந்தவர்களே 1984-இல் தொடங்கினார்கள். அவர்கள் பயிற்சி கொடுத்த பெண்கள் எனக்கு முன்னாலேயே வீடு வீடாகப் போய் எந்தத் தாய்க்கு எத்தனையாவது மாதம் என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த நோட்டுகள் என் பதிவேட்டை விடச் சரியாக இருந்தன. அந்தப் பெண்களில் ஒருத்தி, ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் வந்து இறங்கிய நாளைப் பற்றி என்னிடம் சொன்னாள்: "பசி கூடப் பெரிசில்லை அக்கா. ஆரிட்டப் போய் என்னத்தைக் கேக்கிறதெண்டே தெரியேல்ல."

முகாமில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தகரக் கூரையிலும் ஒழுகும் சுவருக்குள்ளும் இரண்டு தலைமுறை வளர்ந்தது. 2021-இல்தான் 317 கோடியே 40 லட்சம் ரூபாய் அறிவிப்பு வந்தது, மாநிலம் முழுவதும் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னார்கள், அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. குடியுரிமை மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. நான் பிரசவம் பார்த்துக் கையில் ஏந்திய பிள்ளைகள் இன்று பட்டம் படித்து நிற்கிறார்கள், நம் மாவட்டத்தைத் தவிர வேறு ஊர் அறியாதவர்கள், ஆனால் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அது தனியாக எழுத வேண்டிய கடிதம். சுகாதாரம், பள்ளி, ரேஷன் இவை மூன்றும் கைகோத்து முகாம் வாசலுக்கு வந்ததால்தான் அந்தப் பிள்ளைகள் அவ்வளவு தூரமாவது வந்தார்கள் என்பதை மட்டும் என் கண்ணால் கண்டவள் என்று இங்கே சொல்லி வைக்கிறேன்.

வெளிமாநிலத் தொழிலாளர் விஷயத்திலும் ஒரு முறை அலுவலகங்கள் வாசலுக்கு வந்தன. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, தமிழ்நாடு முழுவதும் அதிகாரிகளும் காவல்துறையினரும் தொழிலாளர் தங்கும் இடங்களுக்கே போய், இந்தியில் பேசி, பயத்தைத் தெளிய வைத்தார்கள். வதந்திக்காகப் போக முடிந்த இடத்துக்கு அம்மைத் தடுப்பூசிக்காகவும் போகலாம்.

மாவட்ட ஆட்சியர் அவர்களிடம் தங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்பது இதுதான். சூளை, ரப்பர் எஸ்டேட், மீன்பிடித் துறைமுகம், பெரிய கட்டட வேலை நடக்கிற இடம், இப்படி வெளியூர்க் குடும்பங்கள் கூட்டமாக இருக்கிற இடங்களுக்கு மாதம் ஒரு முறை எல்லாரும் சேர்ந்து போக வேண்டும். புதிதாகத் திட்டம் எதுவும் தேவையில்லை. மாதந்தோறும் நடக்கிற கிராம சுகாதார ஊட்டச்சத்து நாளையே அங்கே கொண்டு போய் வைக்கலாம். செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஏற்கெனவே அதில் இருக்கிறார்கள். கூட கிராம நிர்வாக அலுவலர், ஒரு ஆசிரியர், கார்டு சரிதானா என்று இயந்திரத்தில் பார்த்துச் சொல்ல ரேஷன் கடைக்காரர், தொழிலாளர் துறையிலிருந்து ஒருவர். குடியிருப்பு ஆதாரத்தை அந்த இடத்திலேயே கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தால், அந்தக் கர்ப்பிணியின் மூன்று நாள் அலைச்சல் பத்து நிமிடத்தில் முடியும். தொழிலாளர் துறை அன்றைக்கு வழக்குப் போட வரவில்லை, பதிவு செய்யத்தான் வருகிறது என்று முதலாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கேட்டைத் திறக்க மாட்டார்கள்.

நாள் எது என்பதிலும் கவனம் வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நாகர்கோவிலுக்கு வாருங்கள் என்றால் யாரும் வர மாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் செலவுக்காசு கொடுக்கிற நேரத்தில் எல்லாரும் சூளையிலேயே இருப்பார்கள். அந்த நேரம்தான் சரி.

ஊரில் சிலர் கேட்கிறார்கள், 'வடக்கனுக்கு எதற்கு இத்தனை உபசாரம்' என்று. 2020-இல் கொரோனா நேரத்தில் ஈரானில் மாட்டிக்கொண்ட நம் கடற்கரை மீனவப் பிள்ளைகளுக்காக நாம் எத்தனை கதவைத் தட்டினோம்! அவர்களை ஏற்றிக்கொண்டு கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடியில் வந்து நின்ற ஜூலை 1-ஆம் தேதி எத்தனை தாய்மார் அழுதார்கள்! மொழி தெரியாத ஊரில் நம் பிள்ளைக்கு யாராவது ஒருவர் வழி சொல்ல மாட்டார்களா என்று ஏங்காத வீடு இந்த மாவட்டத்தில் இல்லை.

மழை விட்டதும் சூளைகளுக்கு மறுபடியும் குடும்பங்கள் வந்து சேரும். அதற்கு முன் ஒரே ஒரு இடத்திலாவது இதைத் தொடங்கிப் பார்க்கலாம். தடுப்பூசிப் பதிவேடு எழுதச் சம்பளமில்லாமல் நான் வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டேன். சனிக்கிழமைகளில் அவருக்கு வேறு வேலை இல்லை என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தோவாளை வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.