அயன் பண்ணிய ஒரு ரூபா

அட்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மச்சானுக்கு,

கோத்தகிரியிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மூன்று வாரமாக மழை விட்டபாடில்லை. சின்னவன் கொழும்பிலிருந்து வந்து கூரைத் தகரத்தை மாற்றினான். அந்த வேலையில்தான் பரண்மேல் கிடந்த அப்பாயியின் ட்ரங்குப் பெட்டி கீழே வந்தது.

பழைய சேலைக்கு அடியில் மூன்று கடதாசிக் காசு. ஆறாம் ஜோர்ஜ் படம் போட்ட 1951ஆம் ஆண்டு ஒரு ரூபா. பராக்கிரமபாகு சிலை போட்ட நூறு ரூபா. மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன், அது உன் வழக்கு.

ஒரு ரூபாவைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. இலங்கை மத்திய வங்கி 1950இல் தொடங்கியபின் முதலில் வெளியிட்ட தாள் அது. ஜே.ஆர். ஜெயவர்தன நிதி அமைச்சராகவும், ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர் ஆளுநராகவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷமே ராசா செத்துப்போக, ராணி படம் வந்துவிட்டது. ஜோர்ஜ் படத்தோடு மத்திய வங்கி விட்டது ஒரு ரூபாவும் பத்து ரூபாவும்தான்.

இனி என் மடத்தனத்தைக் கேள். தாளில் மடிப்பு இருக்கிறதே, கொஞ்சம் எடுப்பாகக் காட்டலாம் என்று ஈரத்துணியை மேலே போட்டு அயன் பண்ணிவிட்டேன். பேரனின் சட்டைக்குக்கூட நான் அவ்வளவு கவனமாகப் பண்ணியதில்லை.

கண்டியில் ஒரு வியாபாரியிடம் கொண்டுபோனேன். சின்னப் பையன். தாளை முழுக் கையால் தொடவே இல்லை, ஓரத்தை மட்டும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பிறகு விரலால் மெல்லச் சுண்டினான். "ஐயா, இத அயன் பண்ணீங்களா?" என்றான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

நல்ல தாள் சுண்டினால் சடசடக்க வேண்டுமாம். தடவினால் அச்சின் மேடு விரலில் தட்ட வேண்டுமாம். என் தாள் நனைந்த அப்பளமாகக் கிடந்தது. மடிப்பின் கோடோ போகவும் இல்லை, வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. தரத்தை எழுபதுக்கு எண் போட்டுச் சொல்கிறார்கள். அறுபதுக்கு மேலே என்றால் புழக்கத்துக்கே போகாத தாள். அதிலும் மூலை மழுங்கியிருந்தால் அந்த வரிசையில் சேர்க்க மாட்டார்கள். நடுவில் லேசாக ஒரே மடிப்பு என்றால் ஐம்பதுகளில். மூன்று லேசான மடிப்பு, இல்லாவிட்டால் அழுத்தமான ஒன்று என்றால் நாற்பதுகளில். அதற்குக் கீழே முப்பது, இருபது என்று இறங்கும். சும்மா விட்டிருந்தால் நாற்பது சொல்லியிருப்பேன், இப்போது இருபத்தைந்தும் சந்தேகம் என்றான். அமெரிக்காவில் தரம் பார்த்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் கம்பெனிகள் உண்டு. கழுவிய, அழுத்திய, ஒட்டிய தாளை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம். அவர்களுக்கு அனுப்பும் செலவுக்கே இது காணாது. சரி, மரியாதையாக வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஆனால் நூறு ரூபாவைப் பார்த்ததும் பையனின் முகம் மாறியது. 1970 ஒக்டோபர் உனக்கு ஞாபகம் இருக்கும். நிதி அமைச்சர் என்.எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாத் தாள்கள் இனிச் செல்லாது, வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். கறுப்புப் பணக்காரனைப் பிடிக்கப் போட்ட வலை. அதில் அப்பாயி போய் மாட்டினாள். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு, எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்க வேண்டும். வாயே திறக்கவில்லை, தாளை மாற்றவும் இல்லை. ரவிக்கைக்குள் ஊக்குக் குத்தி வைத்திருந்தாள் போல. வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு பொட்டு ஓட்டை. ஓரத்தில் வெற்றிலைக் கறை. பழுப்புப் புள்ளிகளும் உண்டு, அது நம் ஊர்ப் பனியின் வேலை. இவ்வளவு குறைக்கும் விலையைக் கழித்துக்கொண்டுதான் பையன் கேட்டான், ஆனாலும் நல்ல விலை, மாற்றாமல் மிஞ்சிய தாள் குறைவாம்.

விற்றுவிட்டேன். பெரியவளுக்குக் கோபம், அப்பாயி ஞாபகமாக வைத்திருக்கக் கூடாதா என்று. ஏன்டா, அப்பாயியாக இருந்தால் என்னை முந்திக்கொண்டு விற்றிருப்பாள். அவள் சேர்த்தது காசு, ஞாபகம் இல்லை. அந்தப் பணத்தில் கூரைத் தண்ணீர் ஓடப் பீலி போட்டாயிற்று. இப்போது முன்வாசல் இஸ்தோப்பில் ஒரு சொட்டு விழவில்லை.

இனி உன் வழக்கு. யுத்த காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்து, சில்லறைக்குப் பதில் கடதாசி அடித்தார்களே, அந்த 1942ஆம் ஆண்டு ஐந்து சதம். நடுவில் ஓட்டை வரிசை, பிய்த்தால் ஒரு பக்கம் இரண்டு சதம், மறு பக்கம் மூன்று. நீ இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு ரயில் ஏறிய காலையில் பிய்த்தோம். கடலைத் தாண்டிப் போகிறவனுக்குச் செலவு இருக்கும் என்று பெரிய துண்டை உனக்கே கொடுத்தேன், பெட்டியில் கிடந்தது என் இரண்டு சதம். பிய்க்காமல் வைத்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் என்று பையன் தலையில் அடித்துக்கொண்டான்.

உன் மூன்று சதம் இருக்கிறதா, அதையும் செலவழித்துவிட்டாயா? இருந்தால் படம் எடுத்து அனுப்பு. செலோடேப் ஒட்டாதே. பிளாஸ்டிக் பையில் திணிக்காதே, கோத்தகிரிப் பனியும் நம்முடையது மாதிரித்தான். தயவுசெய்து அயன் மட்டும் பண்ணாதே.

அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
இரண்டு சதத்துக்காரன்