சென் லம்பேர் தாய்மாருக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்புக்குரிய ஓல்கா மெலிகொஃப், மியூரியல் பார்க்ஸ், வலெரி நீல் அம்மையார்களுக்கும், உங்களோடு நின்ற பெற்றோருக்கும்,

என் மூத்த மகள் இந்த ஆனியில் எட்டாம் வகுப்பை முடிக்கிறாள். பாலர் வகுப்பு முதலே ரொறன்ரோ அரசுப் பள்ளியொன்றில் பிரெஞ்சில் படித்தவள். வீட்டில் எங்களுக்கு அந்த மொழி தெரியாது. கட்டணமாக ஒரு சதமும் கொடுத்ததில்லை. இந்த வாய்ப்பைத் தந்தவர்கள் யார் என்று தேடினேன். ஏதோ ஓர் அமைச்சின் பெயர் வரும் என்று நினைத்திருந்தேன். மொன்றியலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் உங்கள் சிற்றூரான சென் லம்பேரின் பெயர்தான் வந்தது.

பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் வாழ்ந்துகொண்டு, பள்ளியில் ஆண்டுக்கணக்காகப் பிரெஞ்சு படித்தும் அதில் பேசத் தெரியாமல் பிள்ளைகள் வெளியே வருகிறார்களே என்று 1963இல் நீங்கள் ஒன்றுகூடினீர்கள். பிரெஞ்சுப் பள்ளிகள் கத்தோலிக்கர் கையில், ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் புரட்டஸ்தாந்தர் கையில் இருந்த காலம் அது. பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்புவதும் எளிதல்ல. பாலர் வகுப்பிலிருந்தே எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் நடத்துங்கள் என்று கேட்டீர்கள். கல்விச் சபை தயங்கியது. பிள்ளை இரண்டு மொழியையும் குழப்பிக்கொள்ளும் என்ற பயம் அன்று படித்தவர்களிடமும் இருந்தது. இன்றும் எங்கள் உறவினர் வீட்டு விருந்துகளில் அதே பயத்தைக் கேட்கிறேன், என்ன செய்வது!

நீங்கள் மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனீர்கள். இருமொழிப் பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கவில்லை, முந்தியே இருக்கிறார்கள் என்று 1962இல் எலிசபெத் பீலுடன் சேர்ந்து எழுதிய உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட் உங்களுக்குத் துணை நின்றார். (ஊர்ப் பெயரும் அவர் பெயரும் ஒத்துப்போனது தற்செயல்.) மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டும் ஆதரித்தார். அவர்கள் இருவருக்கும், லாம்பர்ட்டுடன் ஆய்வை நடத்திய ரிச்சர்ட் டக்கருக்கும் என் வணக்கம்.

1965 செப்டெம்பரில் 26 பிள்ளைகளோடு வகுப்பு தொடங்கியது. அந்த 26 பேருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் அவர்களைச் சோதித்து, ஆங்கில வகுப்போடும் பிரெஞ்சு வகுப்போடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் வகுப்பின் முடிவில் அந்தப் பிள்ளைகள் ஆங்கில வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். அந்த நாட்களில் உங்கள் வீடுகளில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பள்ளியில் ஆங்கிலப் பாடம் சேர்ந்த பிறகு எட்டிப்பிடித்தார்கள், கணக்கிலும் குறையில்லை. பிரெஞ்சு கேட்டுப் புரிந்தது, ஆனால் பேச்சு அம்மொழிப் பிள்ளைகளுடையதைப் போல அமையவில்லை. ஆய்வாளர்கள் அதையும் மறைக்காமல் எழுதியதற்காகவே அவர்களை நான் கூடுதலாக நம்புகிறேன். மொன்றியல் கடைகளில் என் மகள் பிரெஞ்சில் கேட்டால், கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்!

இன்று நாடெங்கும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படிப் படிக்கிறார்கள். 1977இல் தொடங்கிய 'பிரெஞ்சுக்கான கனடியப் பெற்றோர்' அமைப்புக்கும் அதில் பங்குண்டு. ஆசிரியர் பற்றாக்குறை இன்னும் தீரவில்லை. புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பங்களுக்கு இப்படியொரு வகுப்பு இருப்பதே பல நேரம் தெரியாமல் போகிறது. எங்களுக்கும் சொன்னது பக்கத்து வீட்டு அக்காதான். அவருக்கும் நன்றி.

மகளின் ஆசிரியைகளுக்கு, குறிப்பாக ஹெயிட்டியிலிருந்து வந்து எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்தவருக்கு, எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வீட்டுப்பாடக் குறிப்பு புரியாமல் நான் விழித்தபோதெல்லாம் பொறுமையாக விளக்கி எழுதி அனுப்பினார். மகன் புரட்டாதியில் அதே பள்ளியில் பாலர் வகுப்பில் சேர்கிறான். அவர் இன்னும் ஓய்வுபெறவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்