தங்க மருந்து: எந்தக் கட்டத்தில் ஆய்வு?

ஆசிரியருக்கு,

தங்கச் சேர்மங்கள் புற்றுநோய் மருந்தாகலாம் என்ற செய்தியைப் படித்தேன். நல்ல செய்திதான், தலைப்பில்தான் அவசரம். முடக்குவாதத்துக்காக 1985-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஆரனோஃபின் என்ற தங்க மருந்து, தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்ற நொதியை முடக்குகிறது. பல புற்றுநோய்ச் செல்கள் தாக்குப்பிடிக்க இந்த நொதியைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. ஆய்வாளர்களின் ஆர்வத்துக்கு இதுவே காரணம். சரி, ஆனால் ஆய்வகத் தட்டில் செல் சாவது வேறு, நோயாளி பிழைப்பது வேறு.

தங்கம் என்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. முடக்குவாதத்துக்குத் தங்க ஊசி போட்டுக்கொண்ட என் தாயாருக்கு, ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்த பிறகே அடுத்த ஊசி போடுவார்கள். இத்தகைய செய்திகளில், ஆய்வு நடந்தது செல்லிலா, எலியிலா, மனிதரிலா என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள்.

- ஒரு வாசகர்