காம்பாக்டருக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நம் படிப்பகத்தின் பழைய இதழ்கள் ஒருவழியாகத் தரைத்தளத்து அறையில் காம்பாக்டருக்குள், அதாவது தண்டவாளத்தில் நகரும் அலமாரிக்குள், ஏறிவிட்டன. மூட்டையாகக் கிடந்த ஆனந்த விகடன், கல்கி, கலைமகள் பைண்டுகளை இனி யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். பணம் தந்தவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. உழைப்பைத் தந்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, காசு வாங்காமல் வந்து பார்த்த பொறியாளர் தம்பிக்கு. மாடி அறை சும்மாதானே கிடக்கிறது, அங்கேயே வைத்துவிடலாம் என்று கமிட்டியில் பலரும் சொன்னார்கள். "மாடி வேண்டவே வேண்டாம் சார்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். சாதாரண அலமாரி என்றால் வரிசைக்கு வரிசை நடைபாதை விட வேண்டும்; அந்த இடத்தில் பாரம் இருக்காது. காம்பாக்டரில் அடுக்குகள் தண்டவாளத்தின் மேல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். மொத்தத்துக்கும் ஒரே நடைபாதைதான், வேண்டிய இடத்தில் திறந்துகொள்ளலாம். பிடிக்கும் இடம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். காகிதத்தின் எடை குறையாதே! சதுர மீட்டருக்கு 1,000 கிலோவாவது தளம் தாங்க வேண்டும் என்றார். வீடாகக் கட்டிய கட்டடத்தின் மாடிக்கு அது ஆகிற காரியமில்லை.

தண்டவாளம் பதித்த ஃபிட்டர் அண்ணன்களின் பொறுமையைச் சொல்லியே ஆக வேண்டும். தளம் கொஞ்சம் சாய்ந்தாலும் அடுக்கு தானாக உருளத் தொடங்கிவிடுமாம். அதனால் மட்டப்பலகையை வைத்துப் பார்ப்பது, தகடு செருகுவது, எடுப்பது, மறுபடி செருகுவது என்று விடாமல் பார்த்தார்கள். இப்போது பைண்டுகள் நிறைந்த அடுக்கைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூட அதன் முனையில் உள்ள கைச்சக்கரத்தைச் சுற்றி நகர்த்திவிடுகிறது.

இதழ்களை வரிசைப்படுத்தித் தந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாவுக்குத் தனி நன்றி. மணிக்கொடி, எழுத்து மாதிரி நின்றுபோனவற்றை நெருக்கி அடுக்கச் சொன்னார். இன்னும் வந்துகொண்டிருப்பவற்றுக்கு ஒவ்வொன்றின் கடைசியிலும் காலித் தட்டு விடச் சொன்னார். இல்லாவிட்டால் வருடாவருடம் மொத்தத்தையும் தள்ளி அடுக்கிச் சாக வேண்டியதுதான். நாவல்களையும் இதிலேயே வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். பழைய இதழ் தேடி ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் வருவார், ஒரு பாதை போதும். நாவலுக்கு நாலு பேர் ஒரே சமயத்தில் வந்தால் சக்கரத்துக்குச் சண்டைதான் நடக்கும்.

தூசி தட்டிச் சுமந்த கல்லூரிப் பிள்ளைகளே, நீங்கள் இல்லாமல் இது முடிந்திருக்காது. அடுத்த வாரம் முதல் மாலைப் பொறுப்பும் உங்களுடையது என்பதால் இரண்டு விஷயம்: சக்கரத்தைத் தொடும் முன் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பாருங்கள். அப்புறம், இரவு பூட்டும்போது அடுக்குகளை இறுக்கி மூடாமல் காற்றுப் போகச் சந்து விடுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

எதிர் டீக்கடை அண்ணாச்சி வேலை நடந்த நாளெல்லாம் டீ அனுப்பினார். கணக்கைக் கேட்டால் சிரிக்கிறார். சீட்டை அனுப்புங்கள் அண்ணாச்சி, வவுச்சர் போட வேண்டும்.

நன்றியுடன்,
நூலகர்