மஞ்சள் புள்ளியும் கவுனி அரிசிக் கறையும்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அப்பச்சிக்கு முழங்கால் வலி தேவலை. நீங்கள் கிளம்பிய மறுநாள் பட்டாலையைக் கூட்டும்போது தூணடியில் பேரன் புத்தகம் கிடந்தது. அந்த மஞ்சள் புள்ளிப் புத்தகம்தான். நாளைக்குக் கூரியரில் அனுப்புகிறேன். கூடவே நாலு வார்த்தை எழுதத் தோன்றியது.

இந்தப் பத்து நாளில் அதை அவனோடு எத்தனை தரம் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. பிரான்ஸ்காரர் எர்வே துலே 2010-ல் கொண்டுவந்தது என்று மருமகள் சொன்னாள். ராஜா ராணி இல்லை, நரி காக்கை இல்லை. வெள்ளைத் தாளில் ஒரு மஞ்சள் புள்ளி. அழுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பு என்கிறது. திருப்பினால் இரண்டு புள்ளி. மெதுவாகத் தேய்த்துத் திருப்பினால் ஒன்று சிவப்பாகிறது. புத்தகத்தை உலுக்கினால் சிதறுகின்றன, சாய்த்தால் ஓரமாகச் சரிகின்றன, கை தட்டினால் பெரிதாகின்றன. பேட்டரியும் இல்லை, பொத்தானும் இல்லை, வெறும் அச்சடித்த தாள். ஆனாலும் தான் அழுத்தியதால்தான் இத்தனையும் நடந்தது என்று பிள்ளை மனதார நம்புகிறான். முகப்பில் ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூவையெல்லாம்கூட ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு அடுத்த கல்லுக்குத் தாவினான்.

அழுத்தியதும் உடனே திருப்ப மாட்டான், கவனித்தாயா? மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தை ஒரு தரம் பார்ப்பான். அப்புறம்தான் திருப்புவான். அந்த நேரத்தில் நாம் அவசரப்படக் கூடாது தம்பி. மொத்தக் கதையும் அங்கேதான் இருக்கிறது. நீ போனில் பேசிக்கொண்டே இரண்டு தரம் திருப்பிவிட்டாய். அவன் முகம் சுருங்கிப் போனது.

குறையாகச் சொல்லவில்லை. நானும் உன்னிடம் அப்படித்தான் நடந்துகொண்டேன். படத்தில் இருக்கும் மாம்பழத்தைப் பறிக்க நீ கை நீட்டுவாய். நூலகத்துப் புத்தகமாச்சே என்ற பயத்தில், "கையை எடு, கிழிஞ்சிடும்" என்று தட்டிவிடுவேன். நம் ராயவரத்து அழ. வள்ளியப்பா பாட்டைச் சொன்னால் ஆட விட்டேன், புத்தகத்தைத் திறந்தால் கையைக் கட்டி உட்காரச் சொன்னேன். இப்போது நினைத்தால் மனசு கேட்கவில்லை.

ஒருநாள் கவுனி அரிசி சாப்பிட்ட கையோடு வந்து அழுத்தினான். தாளில் ஊதா நிறத்தில் ஒரு விரல் தடம். நான் துணியை எடுத்தேன். "வேணாம் அப்பத்தா, இது என் புள்ளி" என்றான். அதையும் அழுத்திவிட்டுத் திருப்பினான். அடுத்த பக்கத்தில் ஊதாப் புள்ளியைக் காணோம். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கிண்ணத்தில் விரலைத் தொட்டு அங்கேயும் ஒன்று வைத்தான்.

இரண்டும் அப்படியே இருக்கின்றன. நான் துடைக்கவில்லை, நீயும் துடைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா